மார்கழி இரவும் ஒரு நாற்றுப் பெட்டியும்

(ஏரியூர் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எட்டாம் வகுப்பு ‘வெப்பம்’ பாடத்தை ஒரு பெட்டியை வைத்து எப்படி நடத்தினோம் என்று சொல்லச் சொன்னார்கள். பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய செங்கல், கழற்றிப் போட்ட ஒரு சன்னல் கண்ணாடிக் கதவு, சாக்கு, குளிர்பான பாட்டில்கள். அவ்வளவுதான்.

ஏரியூரில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பயிருக்குப் பங்குனி, சித்திரை வெயில்தானே எதிரி? உறைபனி நீலகிரிக்காரர்களின் கவலை. அங்கே டிசம்பர், ஜனவரியில் தேயிலைச் செடி கருகாமலிருக்க மேலே தழையைப் போட்டு மூடுவார்கள். நமக்கு அந்த நிலை இல்லை. ஆனால் மார்கழியில் மிளகாய் விதை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் சீக்கிரம் முளைக்கிற விதை, இரவுக் குளிர் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரமும் கூடினால் அழுகிவிடும். நாற்றுப்பண்ணைகளில் விதைத்த குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைப்பது இதற்காகத்தான். இதை எனக்குச் சொன்னவர்கள் பிள்ளைகள். பாடத்துக்கு அதுவே தொடக்கமாயிற்று.

கட்டியது இப்படி. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலத்தில் செங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கினோம். வடக்குச் சுவர் ஒன்றரை அடி, தெற்குச் சுவர் ஒரு அடிக்குச் சற்று மேல். மேலே கண்ணாடிக் கதவு. லண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் அங்கே கண்ணாடியை நன்றாகச் சாய்க்க வேண்டும். நம் ஊர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சம். 90-இல் 12-ஐயும் 23.5-ஐயும் கழித்தால் 54.5 டிகிரி. நமக்கு அவ்வளவு சாய்வு தேவையில்லை, பனித்தண்ணீர் வழிந்தோடினால் போதும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். சமூக அறிவியல் ஆசிரியரும் வந்து சேர்ந்துகொண்டார்.

வடக்குச் சுவரை ஒட்டி, கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு லிட்டர் பாட்டில்கள் பத்தில் தண்ணீர் நிரப்பி நிறுத்தினோம். பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுவது இவற்றின் வேலை. 20 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 20-க்கு இறங்கினால் வெளிவருவது 840 கிலோஜூல். 40 வாட் பல்பு கிட்டத்தட்ட 6 மணி நேரம் எரிவதற்குச் சமம். தன் வெப்ப ஏற்புத்திறன் என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்போம்! அன்றுதான் ஒரு மாணவி, “அப்போ செங்கல்லுக்கு எவ்வளவு சார்?” என்று கேட்டாள்.

பக்கத்தில் அதே அளவில் இன்னொரு பெட்டி, கண்ணாடிக்குப் பதில் பாலித்தீன் தாள். இங்கேதான் பாடம் சுவையானது. மேகம் மூடிய இரவில் இரண்டு பெட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வானம் தெளிந்த இரவில் பாலித்தீன் பெட்டி நன்றாகக் குளிர்ந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டி தாக்குப்பிடித்தது. தரை வெளிவிடும் வெப்பக்கதிரைக் கண்ணாடி தடுக்கிறது. பாலித்தீன் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகிறது. தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்தால் அந்த நீர்ப்படலம் ஓரளவு தடுக்கும். இரண்டின்மேலும் சாக்கு விரித்ததும் வேறுபாடு குறைந்துபோயிற்று.

தெளிந்த வானம் வெப்பத்தை இப்படி இழுத்துக்கொள்வதை நம் நாட்டில் வெகுகாலம் முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். அலகாபாத்தில் குழி வெட்டி, கரும்புத் தட்டையோ காய்ந்த மக்காச்சோளத் தட்டையோ பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் வைத்து, இரவில் பனிக்கட்டி எடுத்ததை 1775-இல் ராபர்ட் பார்க்கர் எழுதினார். 1814-இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனித்துளி தோன்றுவதற்கும் இதுவே காரணம் என்று விளக்கினார். பாடநூலில் ‘வெப்பக்கதிர்வீசல்’ வருமிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பகலில் பெட்டி சூடாவதற்குக் கண்ணாடி கதிரைச் சிறைபிடிப்பதே முழுக் காரணம் என்று நடத்திவிடுகிறோம். 1909-இல் ஆர். டபிள்யூ. வுட், வெப்பக்கதிரை உள்ளே விடும் பாறை உப்புத் தகட்டால் ஒரு பெட்டியை மூடிப் பார்த்தார். அதுவும் ஏறக்குறைய அதே அளவு சூடாயிற்று. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் தடுக்கப்படுவதுதான் பகல் சூட்டில் பெரும் பங்கு.

அளவெடுப்புக்கு வருகிறேன். இரவில் எப்போது குளிர் அதிகம் என்று கேட்டதும் வகுப்பே “நடு ராத்திரி” என்றது. விடியும் நேரத்தில்தான் வெப்பநிலை அடிமட்டத்துக்கு வரும். ஆகவே காலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். பள்ளிக்கு அருகில் ஆயா வீட்டில் இருக்கும் ஒரு மாணவன் முன்வந்தான். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. மார்கழி, தை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வராமலிருப்பவன், தானும் அங்கே போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அளவெடுக்கத் தொடங்கியபின் அவன் வருகையில் விடுபட்ட நாள் இல்லை. அரையாண்டு விடுமுறையிலும் நோட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது. பெட்டியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் ஆயா என்னிடம், “தெனமும் அஞ்சரைக்கே எழுந்திரிச்சிடறான் சார், டீ கூட வேண்டாங்கறான்” என்றார்.

நம் ஊரில் இந்தப் பெட்டிக்கு இரவைவிடப் பகல் ஆபத்தானது. ஒன்பது மணிக்குள் கண்ணாடியைத் தூக்காவிட்டால் மதியத்துக்குள் நாற்று வெந்துவிடும். முறைவைத்து ஆள் போடுங்கள். ஆள் இல்லாத நாள் என்றால் முந்தின நாளே கண்ணாடியை எடுத்துவிடுங்கள். கண்ணாடி விளிம்பில் நாடா ஒட்டுங்கள். தூக்குவது ஆசிரியரோ பெரிய பிள்ளைகள் இருவரோதான். பாதரச வெப்பநிலைமானி வேண்டாம், டிஜிட்டல் போதும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். எத்தனை குழியில் முளைத்தது என்று தினமும் எண்ணியது எங்கள் பக்கத்துத் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு அதைப் பட்டை வரைபடமாக வரைந்தது.

தை பிறந்ததும் நாற்றைப் பிரித்து வீட்டுக்குக் கொடுத்தோம். செங்கல் கேள்வி கேட்ட மாணவி, அடுத்த மார்கழியில் பாட்டிலுக்குப் பதில் செங்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். கண்ணாடிக் கதவு எங்கள் பள்ளி அறையில் இருக்கிறது. அளவெடுத்துக்கொள்ள விரும்புவோர் எந்த வேலை நாளிலும் வரலாம்.