மின்விலையும் நம் இல்லக் கணக்கும்

(நம் சங்கத்தின் 2025 ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் விரும்பியவாறு ஈண்டு வெளியிடப்பெறுகின்றது.)



தமிழாசிரியன் ஒருவனுக்கு மின்சாரத்தைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். யாமும் அங்ஙனமே எண்ணினோம். ஆனால் செயலாளர் அவர்கள் எம் இல்லத்திற்கு வந்து, "இவ்வாண்டு இலக்கியம் வேண்டா. வீடுதோறும் இரண்டு திங்களுக்கு ஒருமுறை சண்டை விளைப்பது எதுவோ, அதனைப்பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். மறுக்க இயலவில்லை. மின் என்னும் சொல் ஒன்றே எமக்கு உரியது. நம் பண்டையோர் அதனை வானத்து மின்னலுக்கு வழங்கினர். அம்மின்னல் கம்பிவழியே வீடு புகுந்து, அலகு அலகாக அளக்கப்பட்டு, விலையும் பெற்றது பிற்காலத்துச் செய்தி. அவ்விலையின் வரலாற்றை ஆணைகளையும் கட்டணப் பட்டிகளையும் படித்தே அறிந்துகொண்டோம்.

முதற்கண் எம் வீட்டுக் கதையைக் கூறிவிடுகின்றோம். 2023 ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை இயக்கிவிட்டு, மாணாக்கர் விடைத்தாள்களில் ஆழ்ந்துபோனோம். தொட்டி நிரம்பித் தெருவில் நீர் ஓடிய பின்னரே நினைவு வந்தது. எம் இல்லாள் ஒன்றும் கூறவில்லை. கணக்கெடுப்பவர் வந்து அட்டையிற் குறித்துச் சென்றபொழுது 503 அலகு ஆகியிருந்தது. தொகை 1,974 ரூபாய். மூன்று அலகு குறைந்து 500 இல் நின்றிருப்பின் 1,725 ரூபாயே ஆகும். மூன்று அலகுக்கு 249 ரூபாய்! அப்பொழுதுதான் அவர்கள் வாய் திறந்தார்கள். அவர்கள் கூறியதை ஈண்டு எடுத்தோதுதல் மரபன்று.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? யூனிட் எனப் பலரும் வழங்கும் அலகு ஒன்று, நூறு வாட் விளக்குப் பத்தினை ஒருமணி நேரம் எரிக்கும் மின் அளவாகும். 2022 செப்டம்பர்த் திங்களில் வந்த கட்டணப்படி, இரண்டு திங்களில் 500 அலகுக்கு மிகாத வீட்டிற்கு முதல் நூறு இலவயம். அடுத்த நூற்றுக்கு அலகு 2 ரூபாய் 25 காசு. அதன்மேல் நானூறு வரை 4 ரூபாய் 50 காசு. ஐந்நூறு வரை 6 ரூபாய். ஐந்நூறைக் கடந்தாலோ, கடந்த அலகுக்கு 8 ரூபாய் என்பதோடு அமையவில்லை. முன்னர் 2 ரூபாய் 25 காசுக்குக் கொண்ட இரண்டாம் நூறும் 4 ரூபாய் 50 காசாக மாறிவிடுகின்றது. உண்ட சோற்றுக்கு இலையை எடுத்தபின் விலை ஏற்றுவது போன்றது இது. ஆயினும் நடுவுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். 2022 க்கு முன்னர் இப்பள்ளம் இன்னும் ஆழமாய் இருந்தது. அந்நாளில் 500 அலகுக்கு 1,130 ரூபாய்; 501 ஆயின் 1,786 ரூபாய். 2024 சூலைத் திங்களில் விகிதங்கள் மீண்டும் சிறிது உயர்ந்தன. பள்ளம் மட்டும் இருந்தவாறே இருக்கின்றது.

நிற்க. இம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் சிறிது காண்போம். நம் மேட்டூர் அணை நீர் மின்னாகத் தொடங்கியது 1937 இல். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1932 இல், நீலகிரியிற் பைக்காரா ஆற்றை ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாய்வழி வீழச்செய்து மின்னெடுத்தனர். கோவையின் நூற்பாலைகள் பெருகியதற்கு அந்த வீழ்ச்சியே பெருந்துணை. 1944 இற் பாபநாசம் சேர்ந்தது. அக்காலத்திற் பல நகரங்களில் மின் வழங்கியோர் தனியார் நிறுவனத்தார். சென்னை நகர்க்கு வழங்கிய நிறுவனத்தை அரசு 1947 இல் ஏற்றது. 1957 சூலை முதல்நாள் மின்சார வாரியம் தோன்றிற்று. அதன்பின் சிற்றூர்கள் வரை கம்பி சென்ற வேகத்தை நம் பாட்டனார் வியந்து கூறக் கேட்டிருப்பீர்கள்.

மேட்டூர்க்குக் கீழே காவிரியின் வழியிற் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணை நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். ஒரே நீர் படிப்படியாக இறங்கிப் பலகால் உழைத்துப் பின்னரே வயலுக்குச் செல்கின்றது. நீருக்கு விலையில்லை, ஆகவே பழைய அணைகளின் மின்சாரம் மலிவு. ஆனால் அது போதுமா? 2024 மே 2 ஆம் நாள் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் ஆயிற்று. அரசுக்குச் சொந்தமான நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,300. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் நிலையங்கள் 4,320. இரண்டும் கூடினும் தேவையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதை நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம் முதலிய நடுவணரசு நிலையங்களிடமும், தனியார் நிலையங்களிடமும், காற்றாலை, கதிரொளி நிலையங்களிடமும் விலைக்குப் பெறுகின்றனர். சொந்த அனல் நிலையத்திற்கும் நிலக்கரி இவண் இல்லை. ஒடிசாவின் தால்சர்ச் சுரங்கத்திலிருந்து இரயிலிற் பாரதீப் துறைக்கும், ஆண்டிருந்து கப்பலில் எண்ணூர்க்கும் தூத்துக்குடிக்கும் வருகின்றது. நம் அடுப்பங்கரை விளக்கில் அக்கப்பற்கூலியும் எரிகின்றது என்று அறிக.

காற்று இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக வைகாசி முதற் புரட்டாசி வரை அடிக்கும் காற்று நம் நாட்டின் பெருஞ்செல்வம். பதினாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் நிற்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் கதிரொளி நிலையம் 2016 இல் அமைந்தது. ஆனால் காற்று நம் விருப்பப்படி வீசுவதன்று. கதிரவனோ நாம் வீடு திரும்பி விளக்கேற்றும் நேரத்தில் மறைந்துவிடுகின்றான். சித்திரை இரவில், காற்றுத் தொடங்காத காலத்தில், குளிர்பதனப் பெட்டிகள் எல்லாம் ஒருங்கே இயங்கும்பொழுது வாங்கும் மின்சாரமே விலைமிக்கது. கடம்பாறையிற் போல, மிகையான காலத்து நீரை மேலேற்றி வேண்டுங் காலத்து வீழ்த்தும் நிலையங்கள் பல வேண்டும். நாற்பதாண்டுக்கு முன்னர்க் கண்ட அவ்வழியில் நாம் நெடுந்தூரம் செல்லவில்லை என்பதே எம் குறை.

வழங்குவோர் யார் என்பதிற் சொல்ல மிகுதியில்லை. 2010 நவம்பரில் வாரியம் கழகங்களாகப் பிரிந்தது. 2024 இல் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்திற்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என மீண்டும் பிரித்தனர். பெயர் எத்துணை மாறினும் நம் வீட்டுக்கு வழங்குவோர் ஒருவரே. விலையை உறுதிசெய்வது 1999 இல் அமைந்த ஒழுங்குமுறை ஆணையம். 2022 ஆகஸ்டில் அவ்வாணையத்தார் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூவூர்களில் மக்கள் கருத்தைக் கேட்டனர். நம் சங்கத்திலிருந்து கோவைக்கு ஒருவரும் சென்றிலர். யாமும் சென்றிலம், பள்ளியில் விடுப்புக் கேட்கக் கூசினோம்.

இனி இலவயம் என்னும் சொல்லுக்கு வருவோம். இதனை அச்சமின்றிப் பேசவேண்டும்.

1970 களிற் கோவை மாவட்டத்து உழவர்கள், ஓரலகுக்கு ஓரிரு காசு உயர்ந்ததை எதிர்த்து, நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையிற் போராடினர். 1972 இல் மாட்டு வண்டிகளைக் கோவைத் தெருக்களில் நிறுத்தினர். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரும் உண்டு. 1990 இல் உழவுப் பம்புசெட்டுகள் அனைத்திற்கும் மின்சாரம் இலவயமாயிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அவ்விணைப்புகளிற் பெரும்பாலனவற்றிற்கு அளவி இல்லை. எவ்வளவு செலவாகின்றது என்பது மதிப்பீடே. வீடுகட்கு முதல் நூறு அலகு 2016 இல் இலவயமாயிற்று. அவ்வாண்டே கைத்தறிக்கு 200, விசைத்தறிக்கு 750 அலகு தந்தனர். 2023 இல் அவை 300, 1,000 எனப் பெருகின. இவையனைத்திற்கும் ஆண்டுதோறும் பல்லாயிரங் கோடி ரூபாயை அரசு கழகத்திற்கு ஈடு செய்கின்றது. 2014 முதல் 2022 வரை எட்டாண்டு கட்டணம் உயரவே இல்லை. அப்பொழுது நாம் மகிழ்ந்தோம். கழகத்தின் கடனோ ஒன்றரை இலட்சங் கோடியைக் கடந்தது. உயர்த்தாத விலை எங்கும் போய்விடவில்லை, வட்டியோடு காத்திருந்தது.

இலவயத்தை யாம் பழித்தோம் என்று எவரும் கொள்ளற்க. விசைத்தறியின் நாடா ஓடும் ஓசையில் நம் பிள்ளைகள் படித்தனர். கைத்தறியிற் குனிந்து முதுகு வளைந்த தாய்மார் இப்பந்தரில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்கு முந்நூறு அலகு ஈகையன்று. அவர்கள் நெய்த துணிக்குக் கிடையாத விலையில் ஒரு பகுதி.

ஆனால் நம் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். தறியோசை எத்துணை வீடுகளிற் கேட்கின்றது? தறிக்குழியை மண்ணிட்டு மூடி, அதன்மேற் சோபா இட்டு, தொலைக்காட்சி காணும் வீடுகளிலும் அட்டையிற் கைத்தறிச் சலுகை நின்றுகொண்டிருக்கின்றது. பெயர் கூறோம், கேட்போர் தாமே அறிவர். மற்றொரு வழக்கமும் உண்டு. ஒரே அடுப்பு, ஒரே குடும்பம்; ஆனால் மகன் பெயரில் இரண்டாவது இணைப்பு. கணக்கைப் பாருங்கள். 2022 விகிதப்படி 600 அலகு ஒரே அளவியில் ஓடின் 2,750 ரூபாய். முந்நூறு முந்நூறாக இரண்டில் ஓடின் 1,350 ரூபாய் மட்டுமே. 1,400 ரூபாய் மிச்சம்! அட்டைச் சுவர் ஒன்றை நடுவில் எழுப்பினாற் போதும் என்று எமக்கும் ஓர் உறவினர் வழி கூறினார். உண்மையாகவே தனித்தனியே வாழும் அண்ணன் தம்பியர்க்கு இஃது உரிமை. அட்டைச் சுவரால் அண்ணன் தம்பியராகிறவர்க்கு என்ன பெயர் வைப்பது என்று எம் அகராதியிற் காணோம்.

இதனால் யாருக்குக் கேடு? கழகத்திற்கு என்று எண்ணி ஆறுதல் அடையாதீர்கள். ஒருநாள் ஆய்வு வரும். வந்தால் தெருவுக்கே வரும். தறி இல்லாதவர் ஒரு விண்ணப்பம் எழுதித் தப்பிவிடுவர். மெய்யாகவே நெய்கின்ற கைம்பெண் ஒருத்தி பாவை நிறுத்திவிட்டு, தான் நெய்பவளே என்று சான்று தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவாள். அவளுக்கு நாம் செய்யும் தீங்கு அது.

இப்பொழுது நம் முன் ஒரு தீர்மானம் இருக்கின்றது. கைத்தறி இலவயத்தை 300 இலிருந்து 500 ஆக்குக என்று அரசை வேண்டுவது அது. அன்பர்கள் சினவாதிருப்பின், அதனை யாம் இவ்வடிவில் ஆதரிக்க இயலாது என்று கூறிக்கொள்கின்றோம். மாறாக, ஐந்நூறைக் கடந்தவர்க்குக் கடந்த அலகுக்கு மட்டும் மிகுவிலை கொள்க, முன் அலகின் விலையை மாற்றற்க என்று வேண்டுவோம். இது நமக்கும் நன்று. நம் மரபினர் அல்லாத அயலார்க்கும் நன்று. திங்கள்தோறும் கணக்கெடுத்தாற் போதும் என்று சிலர் கூறுகின்றனர். 2021 தேர்தலில் அவ்வாக்குறுதி எழுந்ததும் உண்மையே. ஆனால் அளவுகளையும் பாதியாக்கி, நூறை ஐம்பதாகவும் ஐந்நூறை இருநூற்றைம்பதாகவும் குறைத்துவிட்டால், கோடையில் ஒரு திங்கள் மட்டும் மிகுதியாகச் செலவழிக்கும் வீட்டுக்கு நட்டமே வரும். ஆதலின் எதனைக் கேட்கின்றோம் என்பதைத் தெளிவாக எழுதிக் கேட்கவேண்டும்.

தறி ஓடும் வீடுகளின் பட்டியல் ஒன்றை நாமே எழுதிக் கையில் வைத்திருப்போம். ஆய்வு வருமுன் அது நம்மிடம் இருக்கட்டும். தறி நின்றவர் தாமே எழுதிக்கொடுத்துச் சலுகையை நீக்கிக்கொள்க.

இதனைக் கூற எமக்கு என்ன தகுதி என்று பின்வரிசையில் ஓர் இளைஞர் முணுமுணுப்பது செவியில் விழுகின்றது. கூறிவிடுகின்றோம். எம் தந்தையார் 2019 இற் காலமானார். அன்றோடு எம் வீட்டுத் தறி நின்றது. சலுகை நிற்கவில்லை. ஈராண்டு யாமும் வாய் திறவாது அதனைத் துய்த்தோம். பள்ளியில் அறம் கற்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த அட்டையைப் பார்ப்பது எளிதாயிருக்கவில்லை. 2021 இல் எழுதிக்கொடுத்து நீக்கினோம். எழுத்தர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, இப்படி ஒரு விண்ணப்பத்தை இதுவரை கண்டதில்லை என்றார். மோட்டார் ஓடிய அந்தக் கோடையில் எம் இல்லாள் அதனையும் சேர்த்தே நினைவூட்டினார்கள்.

பட்டியலுக்குரிய ஏடு செயலாளர் அவர்கள் மேசைமேல் இருக்கின்றது. பேனாவும் வைத்திருக்கின்றோம். வரும் ஞாயிறன்று மாலை, அட்டையோடு வருவோர்க்கு அதிலுள்ள கணக்கைப் படித்துக் காட்ட யாம் இம்மண்டபத்திலேயே இருப்போம்.