நம் கையால் எழுதும் பட்டியல்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியபோது நமக்கெனக் கட்டடம் இல்லை, நிதியும் இல்லை. மாலை வேளையில் பாடம் சொல்லித்தர முன்வந்த சில நல்லுள்ளங்களே நமது முதலாக இருந்தன. அன்று நாற்பது வயதில் இதனைத் தோளில் சுமந்த நாங்கள் இன்று அறுபத்தைந்தை எட்டிவிட்டோம். அன்று எங்கள் முன் பலகை பிடித்து அமர்ந்த பிள்ளைகள் இன்று ஊதியம் பெற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். இதைக் காட்டிலும் வேறு பேறு எங்களுக்கு வேண்டியதில்லை.

முதியோர் நலம் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். நோய்களின் பெயர்களை அடுக்கி உங்களை அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படும் ஒரு துண்டுத்தாளைப் பற்றியே பேச விரும்புகிறோம். மளிகைக் கடைக்கு எடுத்துச் செல்லும் சாமான் பட்டியலே அது.

பட்டியல் என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1936ஆம் ஆண்டின் அரசு ஆணையால் நம் மக்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏற்றப்பெற்றன. அந்தப் பட்டியலை நாம் எழுதவில்லை, பிறர் எழுதினர். மளிகைப் பட்டியலோ நாமே எழுதுவது. எழுத்தறிவு பெற்ற ஒரு சமுதாயம் தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை அந்தச் சிறு தாளில்தான் நாள்தோறும் செலுத்துகிறது.

இங்கே அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினைவுகூர வேண்டும். அவர் நீரிழிவு நோயாளி என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியமாட்டார்கள். இறுதி ஆண்டுகளில் நீரிழிவும், இரத்த அழுத்தமும், கால் நரம்பு வலியும் அவரை விடாது வாட்டின. 1948ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். அவர் அண்ணலின் உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்தினார். ஆயினும் அரசியல் சட்டப் பணியும், ஓயாத எழுத்தும், போராட்டமும் உடலுக்கு ஓய்வு தரவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 6இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 65. “புத்தரும் அவர் தம்மமும்” என்னும் நூல் அச்சாகி வெளிவந்தது 1957இல். அதைக் கையில் ஏந்திப் பார்க்க அவர் இல்லை. இன்னும் பத்தாண்டுகள் அவர் இருந்திருந்தால் என்று எண்ணாத நாளில்லை. அந்த வயதில்தான் இன்று எங்களுள் பலர் நிற்கிறோம். அண்ணலுக்கு வாய்க்காத ஓய்வும் காலமும் நமக்கு வாய்த்திருக்கின்றன. அவற்றை நோயிடம் வீணே ஒப்படைத்துவிடலாகாது.

இனி நம் தட்டின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் வரகும் கேழ்வரகும் கம்பும். நிலமற்ற நம் முன்னோர்க்குக் கூலியாய்க் கிடைத்தது அளந்து போட்ட தானியம். அன்றாடம் கூழ்; பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நெல்லுச்சோறு. “கூழ் குடிக்கிறவன்” என்பது வசைச் சொல்லாகவே வழங்கிற்று. ஆகவே வெள்ளைச் சோறு நமக்கு வெறும் உணவாக இருக்கவில்லை. அது மதிப்பின் அடையாளமாக இருந்தது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்தபோது, நம் குடிசைகளிலிருந்து பசி வெளியேறியது. அந்த அரிசியை எளிதாகப் பேசுவோர்க்குப் பசி என்றால் என்னவென்று தெரியாது.

ஆனால் பசி போன வழியே வேறொன்று உள்ளே வந்தது. காலையில் இட்டிலி, நண்பகலில் சோறு, இரவில் தோசை, மூன்றும் அரிசியே. 2020இல் தமிழக அரசு நடத்திய ஆய்வொன்று, 18 முதல் 69 வயது வரையிலான மக்களுள் நூற்றுக்கு 33.9 பேருக்கு இரத்த அழுத்தமும், 17.6 பேருக்கு நீரிழிவும் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் பத்தில் ஒருவர் அளவே.

இன்னுமொரு செய்தியை நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். தாயின் கருவிலும் இளம் பருவத்திலும் ஊட்டம் குன்றி வளர்ந்த உடல், பிற்காலத்தில் உணவு மிகும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆட்படுகிறது என்று இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் முதலான அறிஞர்கள் ஆராய்ந்து கூறினர். தலைமுறை தலைமுறையாகப் பட்டினி கிடந்த உடல்கள் நம்முடையவை. பிறரைவிட நாம்தான் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டியவர்கள்.

இனிப் பட்டியலுக்கு வருவோம்.

முதலில் அரிசி. அரிசியை விலக்குமாறு நாங்கள் கூறவில்லை. அளவைக் குறைக்குமாறே கூறுகிறோம். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, எஞ்சிய கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். ஒரு வேளைக்குக் கேழ்வரகோ கம்போ வரகோ எழுதுங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. எலும்பு தேயும் வயதில் இது சிறிய வேறுபாடன்று. ஆனால் சிறுதானியமும் மாவுச்சத்தே. செம்பு செம்பாகக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறவே செய்யும். களியாகவோ அடையாகவோ, கீரையும் பருப்பும் சேர்த்து, அளவோடு உண்பதே முறை.

இரண்டாவது பருப்பு. முதுமையில் தசை கரைகிறது. எழும்போது கால் தள்ளாடுவதற்கும் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் அதுவும் ஒரு காரணம். துவரம்பருப்பு நியாயவிலைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. உளுந்துக்கோ நம் மாவட்டத்து வம்பன் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பயறு ஆராய்ச்சி மையம் கண்ட உளுந்து இரகங்கள் வம்பன் என்ற பெயராலேயே வழங்குகின்றன. ஆலங்குடிப் பக்கத்து நிலக்கடலையை எண்ணெயில் பொரிக்காமல் அவித்து உண்ணுங்கள். கோட்டைப்பட்டினத்துக் கரையில் இறங்கும் மத்தியும் நெத்திலியும் விலையில் எளியவை, குணத்தில் உயர்ந்தவை. நம் முன்னோர் உண்ட இறைச்சியைக் குறித்து இழிவாகப் பேசினார்கள். அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கொழுப்பு நீக்கிய இறைச்சி எதுவாயினும் அளவோடு உண்ணத்தக்கதே. உப்புக்கண்டமும் கருவாடும்தாம் அழுத்தம் உள்ளவர்க்கு ஆகாதவை. சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் மட்டும் பருப்பு, இறைச்சியின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது உப்பு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. ஒரு சிறு கரண்டிதான். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாட்களேனும் வர வேண்டும். நம் வீட்டில் எத்தனை நாட்கள் வருகிறதென்று கணக்குப் பாருங்கள். அப்பளம், ஊறுகாய், வடகம், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு இக்கணக்கில் சேராதது என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது சர்க்கரை. நாளைக்கு நான்கு முறை தேநீர். முறைக்கு இரண்டு கரண்டி. அதுவே 40 கிராம் ஆகிவிட்டது. மாதத்திற்கு 1,200 கிராம். நலமாக இருப்பவர்க்கே நாளைக்கு 25 கிராமைத் தாண்டாதிருப்பது நன்று. வெல்லமும் கருப்பட்டியும் தீங்கற்றவை என்று எண்ணி ஏமாற வேண்டா, அவையும் சர்க்கரையே.

ஐந்தாவது எண்ணெய். தலைக்கு மாதம் அரை லிட்டர் போதும். வடை சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதை விட்டுவிடுங்கள்.

ஆறாவது, கடைகளில் தொங்கும் பொட்டலங்கள். இங்கேதான் நம் படிப்பு பயன்பட வேண்டும். 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, பகலெல்லாம் கூலி வேலை செய்த நம் தாய்மார்கள் இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். மிதிவண்டி ஏறப் பழகினார்கள். அந்த எழுத்தறிவின் தொடர்ச்சியாக, பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கும் வழக்கம் நம் வீடுகளில் வரவேண்டும். எத்தனை கிராம் சர்க்கரை, எவ்வளவு சோடியம், எவ்வளவு கொழுப்பு என்று அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளி செல்லும் பேரப்பிள்ளை அதைப் படித்துச் சொல்லட்டும்.

பட்டியலிலிருந்து அடியோடு நீக்க வேண்டியவையும் உண்டு: புகையிலை, பீடி, மது. நம் புதுக்கோட்டையில் பிறந்து, மகாராசா கல்லூரியில் ஆண்கள் நடுவே முதல் பெண்ணாகப் படித்து மருத்துவரான முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் நிறுவினார். அவர் பிறந்த மண்ணில் வாழும் நாம், வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு அந்த மருத்துவமனையின் வாயிலில் போய் நிற்பது அவருக்குச் செய்யும் நன்றியாகுமா?

பட்டியலில் எழுதாமலே கிடைப்பவையும் உண்டு. கொல்லையில் ஒரு முருங்கை, வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை. காசின்றிக் கிடைப்பதால் அவற்றை ஏழையின் கறி என்று ஒதுக்கினோம். இனி அவற்றை மீட்டெடுப்போம்.

எவ்வளவு திருத்தினாலும் பட்டியலால் மட்டும் பெறமுடியாத பொருள் ஒன்றுண்டு. அது தூய நீர். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னரே தெரியவந்தது. அந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை. நல்ல நீரும், பாகுபாடற்ற மருத்துவமும் உரிமைகள். அவற்றை ஒன்றுபட்டுக் கேட்டுப் பெறவேண்டும். அதற்காக, நம் கைக்கு எட்டிய சமையற்கட்டைச் சீர்செய்வதைத் தள்ளிப்போடலாகாது. உரிமைக்குப் போராடவும் உடலில் வலு வேண்டுமல்லவா?

பழக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாள்தோறும் அரை மணி நேரம் நடங்கள், வெறுங்காலுடன் நடவாதீர்கள். நீரிழிவு உள்ளவர் காலில் முள் தைத்தாலும் வலி தெரியாமல் போகலாம்; இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள். இரவு உணவை முன்னதாக முடியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. தலைச்சுற்றல் நின்றதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கஞ்சியும் கீரையும் மருந்துக்குத் துணை, மருந்துக்கு மாற்றல்ல.

இளைஞர்களே, இனி உங்களிடம் சில சொற்கள். இன்று கடைக்குச் செல்பவர்கள் நீங்கள். காசு கொடுப்பவர்களும் நீங்கள். அன்பு மிகுதியால் அப்பாவுக்குப் பரோட்டாவும் அம்மாவுக்கு இனிப்பும் வாங்கி வருகிறீர்கள். அந்த அன்பைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்பின் வடிவம் சற்றே மாற வேண்டும்.

எங்களுள் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மருத்துவர் சொற்படி மகன் கேழ்வரகு மாவு வாங்கி வந்தான். தந்தை தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “அந்தக் கூழைக் குடிக்கக் கூடாது என்றுதானப்பா உன்னைப் படிக்க வைத்தேன்.” மகனால் மறுமொழி கூற இயலவில்லை. எங்களாலும் அன்று இயலவில்லை. அந்தச் சொல்லில் ஒரு தலைமுறையின் பட்டினியும் அவமானமும் அடங்கியிருந்தன.

அந்த மகன் வாதாடவில்லை. அடுத்த நாள் தானும், மனைவியும், பிள்ளைகளுமாக அதே கேழ்வரகுக் களியைக் கீரைக் குழம்புடன் முதலில் உண்டார்கள். பேத்தி இன்னும் கொஞ்சம் கேட்டாள். சில நாள் கழித்துப் பெரியவர் தாமாகவே தட்டை எடுத்து வந்து அமர்ந்தார். தந்தைக்கு மட்டும் தனியே களி கிண்டினால் அவருக்கு அது பழைய தண்டனை. வீடே சேர்ந்து உண்டால் அது வீட்டுச் சாப்பாடு. அன்று வேறொன்றும் இல்லாததால் கூழ் குடித்தோம். இன்று எல்லாம் இருக்க, அறிந்து தேர்ந்து உண்கிறோம். இந்த வேறுபாட்டைத் தந்தது கல்வி. ஆகவே பெரியோர்க்குக் கட்டளையிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, கேட்டு, அவர்கள் கையாலேயே பட்டியலை எழுதச் செய்யுங்கள்.

முடிவாகக் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் படிப்பகத்தில் மாதம் ஒரு நாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சுவரில் நால்வர் குடும்பத்திற்கான மாதிரிப் பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள். மாலை வகுப்புப் பிள்ளைகள் அதைத் தம் வீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இதற்குப் பெரும் பொருள் செலவாகாது.

இருபத்தைந்து ஆண்டுகள் நட்டு நீரூற்றிய மரம் இப்போதுதான் காய்க்கிறது. அதன் நிழலில் சிறிது காலம் நலத்துடன் அமர்ந்திருக்க எங்கள் தலைமுறை விரும்புகிறது. பொன்விழா மேடையில் உங்கள் பிள்ளைகள் பேசும்போது, முன்வரிசையில் அமர்ந்து கேட்க எங்களுள் சிலரேனும் இருக்க வேண்டும்.