விரிசல் சொல்லும் செய்தி



மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தைக் கடந்தால் நிலம் கறுத்துவிடும். பருத்திக்குப் பேர்போன அக்கரிசல் மண், வீட்டுக்கு மட்டும் பொல்லாதது. மழைநீரை உண்டு உப்பும். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். 'மாண்ட்மோரில்லோனைட்' என்னும் களிக்கனிமமே காரணம்; அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை அகற்றுகிறது.

அம்மண்ணில் நான் கட்டிய வீட்டில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் எழுந்தது. கோடைதோறும் அதில் சிமெண்டுக் கலவையை அடைத்து வந்தேன். என்னே அறியாமை! மழையில் மண் உப்பிச் சுவர் மீள முயன்றபோது அக்கலவையே தடையாயிற்று. அருகில் புதிய பிளவு கண்டது.

பின்னர்க் கொத்தனார் ஒருவர் சொற்படி, விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைப் பதித்துத் தேதி எழுதி வைத்தேன். அடுத்த கோடையில் அது முறிந்தது. அடித்தளம் இன்னும் அசைகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல் வேறு. அதற்கு அஞ்ச வேண்டா.

குளியலறைக் கழிவுநீரைக் குழாய் வழியே தொலைவில் விட்டோம். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்தில், வெளிப்புறம் சரியும் கான்கிரீட்டுத் தளம் இட்டோம். இறங்கிய மூலையில், பொறியாளர் முன்னிலையில், அடித்தளத்தின் கீழ் நான்கடிப் பகுதிகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கான்கிரீட்டு நிரப்பினோம். ஒரே மூச்சில் தோண்டியிருந்தால் சுவரே சரிந்திருக்கும்.

புதிதாகக் கட்டுவோர்க்கு இத்துன்பம் வேண்டியதில்லை. 1947இல் தோன்றிய ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட்டுத் தூண்களைக் கரிசலுக்கு ஏற்றவாறு ஆராய்ந்து வகுத்தது. ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில், பருவத்துக்குப் பருவம் ஈரம் அதிகம் மாறாத மண்ணை அவை பற்றிக்கொள்ளும்.

என் வீட்டில் புதிய கண்ணாடித் துண்டு பதித்து இரண்டு கோடைகள் கழிந்தன, அது முறியவில்லை. அதன்பின்னரே சுவருக்குப் பூச்சிட்டேன்.