கிணற்றில் ஏறும் கணக்கு

திண்டுக்கல் பக்கம் தண்ணீருக்கு இரண்டு பெயர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து குழாயில் முறை வைத்து வரும். உப்புத் தண்ணி வீட்டுக்குப் பின்னால் கிணற்றிலேயே கிடக்கும். சோப்பு நுரைக்காது. குடத்தில் நாலு நாள் வைத்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும்.

பாறை பூமி, தண்ணீர் அப்படித்தான் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்சத்துக்குத் தோல் பதனிடும் ஷாப்புகள் பதில் சொல்ல வேண்டும்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். ஷாப்பில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்தக் கழுநீரில் இருக்கிறது வினை. பதனிடப் பயன்படும் குரோமியத்தை வண்டலாகப் படியவைத்து எடுத்துவிடலாம். அழுக்கை நுண்ணுயிர் தின்றுவிடும். உப்போ, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளையெல்லாம் தாண்டி, கரைந்தபடியே வெளியே வரும். சவ்வு வைத்து வடிகட்டினால்தான் பிரியும். பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

"என் ஒரு ஷாப் தண்ணியிலயா ஊர்க் கிணறு கெட்டுப்போச்சு?" என்று ஒவ்வொரு முதலாளியும் கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்போலத்தான் தெரியும். உரிமமும் தனித்தனியாகத்தானே கொடுக்கிறோம்! கூட்டல் மட்டும் கிணற்றில் நடக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஒரு தன்னார்வ அமைப்பு சுற்றிப் பார்த்தது. குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. தோல் ஷாப் கழிவுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. தோல் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம்; கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி; பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிய ஓர் ஆணையம். பெரிய தீர்ப்புதான். ஆனால் நஷ்ட ஈடு, கெட்ட பிறகு வருகிற காசு.

பாறை இடுக்கில் இறங்கிய உப்பு லேசில் போகாது. அதனால், என்னைக் கேட்டால், உப்பை அளவெடுப்பதைக் கிணற்றடியில் தொடங்கலாம். மழை முடிந்து கார்த்திகையில் ஒரு முறை, வெயில் ஏறும் சித்திரையில் ஒரு முறை, ஊருக்கு நாலு கிணறு, ஒரு நோட்டு. அடுத்து உரிமம் கேட்டு வருவது தோல் ஷாப்போ, கல் குவாரியோ, விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் அந்த நோட்டும் விரித்துக் கிடக்கட்டும்.