தீப்பொறியும் இடைவெளியும்



ஆமத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டே கட்டுவர். ஓர் அறை பற்றிக்கொண்டாலும் மற்றோர் அறையில் இருப்போர் உயிர் தப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். கருத்துரிமைச் சட்டமும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் போடுகிறது.

'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் திரைப்படத்தின் தணிக்கைச் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல ஆபத்தோடு நேரே பிணைந்த பேச்சை மட்டுமே தடுக்கலாம். கலவர மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை ஒடுக்கலாகாது என்று அது வரையறுத்தது.

பின்னர் இணையம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியையும் குற்றமாக்கியது. 2012இல் அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தோர் வெறும் 16 பேர். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. விவாதித்தல் வேறு, பரிந்துரைத்தல் வேறு, தூண்டிவிடுதல் வேறு என்றும் தெளிவாக்கியது. எனினும் நீக்கப்பட்ட பிரிவின்கீழ் யார்மீதும் வழக்குத் தொடரலாகாது என்று 2022இல் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. சட்டம் மாண்டும் பழக்கம் மாளவில்லை.

அச்சம் அரசிடமிருந்து மட்டும் வருவதன்று. 2010இல் வெளியான 'மாதொருபாகன்' நான்காண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்டது. அதன் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்துப் பரப்பப்பட்ட பின்னரே கொந்தளிப்பு மூண்டது. 2015 சனவரியில் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலைத் தடைசெய்ய மறுத்தது. அமைதிப் பேச்சில் அவரிடம் எழுதி வாங்கிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்ப்பளித்தது.

முழு நூல் என்பதும் ஓர் இடைவெளியே. ஒரு வரிக்கும் அதைக் கண்டு எழும் சினத்துக்கும் நடுவில் அது நிற்கிறது. அன்று படியெடுக்கும் பொறி செய்த வேலையை இன்று கைப்பேசி நொடியில் செய்கிறது. அதற்காக ஆலையையே பூட்டச் சொல்வது தீர்வாகாது. மிரட்டுவோனைச் சட்டம் பிடிக்கட்டும்; எழுதுவோனை விடட்டும்.

எஞ்சிய கடமை வாசகருடையது. ஒரு கவிதையை முதலிலிருந்து இறுதிவரை கேட்டு, எதிரே அமர்ந்திருக்கும் கவிஞரிடமே மறுப்பைச் சொல்வது இலக்கிய வட்டத்தின் வழக்கம். பத்தாண்டுகளாக இவ்வட்டம் காத்துவரும் இடைவெளி அதுவே. அது குறுகாதிருக்கட்டும்.