விலை தெரிந்து புறப்படுவோம்



வருத்தம் என்னவென்று தெரியாமல் மருந்து எழுதக்கூடாது. விலை தெரியாமல் விற்கவும் கூடாது. மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயிகள் சந்தைக்குப் போன பிறகே விலையை அறிந்தார்கள். குறைவென்றாலும் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. 2000ஆம் ஆண்டு ஐ.டி.சி. நிறுவனம் 'இ-சௌபால்' என்ற பெயரில் கிராமத்து விவசாயி ஒருவரின் வீட்டிலேயே இணையத்தோடு கணனி வைத்தது. புறப்படுமுன்பே விலை தெரிந்தது. சந்தைக்கா, நிறுவனத்துக்கா என்று அவர்களே முடிவெடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். கணனியிலும் பெரிய உதவி அதுதான்.

இன்று இணையம் கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்டது. வாசித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். ஊரில் தையலோ பனையோலை வேலையோ செய்யும் ஒரு பெண்ணுக்காவது, எந்த நாட்டில் இருந்தாலும், நாங்கள் ஒவ்வொருவரும் அந்த ஆளாக இருப்போம்.