மழைநீர் வடிகாலும் நம் புறநகர் ஏரிகளும்

(பெங்களூரில் நம் சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உபன்யாசமும் கச்சேரியும் கேட்டுப் பழகிய இந்த ஹாலில் வடிகாலைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய அரசு உத்தியோகத்தில் 34 வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி மழை அளவும் ஆற்று நீர் அளவும் எழுதிய பதிவேடுகளோடு கழிந்தது. ரிடையரான பிறகு எங்கள் லேஅவுட்டின் ஏரிக் குழுவில் மாட்டிக்கொண்டேன். லேஅவுட்டின் பெயர் வேண்டாம். சர்ஜாப்பூர் ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

2022 செப்டம்பர் 4ம் தேதி இரவு இந்த ஊரில் 131 மி.மீ. மழை பெய்தது. மறுநாள் காலை வெளிவட்டச் சாலையிலும் சர்ஜாப்பூர் ரோட்டிலும் டிராக்டரிலும் படகிலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அதே மழைக் காலத்தில் டி.கே. ஹள்ளி காவேரி பம்பிங் ஸ்டேஷனும் மூழ்கியது. ஆக, வீட்டுக்குள் தண்ணீர், குழாயில் தண்ணீர் இல்லை. சென்னையிலிருந்து என் மைத்துனர் போன் செய்து, "மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊரில் எப்படி ஓய் வெள்ளம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பெங்களூருக்கு நடுவில் ஆறு கிடையாது. மேட்டு நிலத்தின் முதுகில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பெய்கிற மழை முக்கியமாக மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்குகிறது. மேற்கே விருஷபாவதி, அது அர்க்காவதியில் கலந்து காவேரிக்குப் போகிறது. கிழக்கே கோரமங்களா-சல்லகட்டா, ஹெப்பால் என்று இரண்டு. இவை தட்சிண பினாகினியில் சேர்கின்றன. தட்சிண பினாகினி என்றால் வேறு யாருமில்லை, நம் தென்பெண்ணைதான். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டிய தண்ணீர் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போய், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலைத் தொடுகிறது. கெலவரப்பள்ளியில் மலைபோல நுரை பொங்குகிற படத்தைப் பத்திரிகையில் பார்த்து, "தமிழ்நாட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் பார்" என்று என்னிடம் சொன்னவர் உண்டு. அந்த நுரையில் நம் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் பங்கு இருக்கிறது.

ஆறு இல்லாத ஊர் என்பதால்தான் பெரியவர்கள் பள்ளத்தை மறித்து ஏரி ஏரியாகக் கட்டினார்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு. கன்னடத்தில் இதற்கெல்லாம் அழகான சொற்கள் இருக்கின்றன. இணைக்கும் கால்வாய் ராஜகாலுவே. நாம் கலங்கல் என்று சொல்லும் உபரிநீர் வழி அங்கே கோடி. அடியில் திறந்துவிடும் தூம்பு அவர்களுக்குத் தூபு. தூம்பைத் திறக்கவும் மூடவும் பொறுப்பான ஆள் நீர்கண்டி. நம் பக்கத்து நீர்கட்டிதான் அவர். சொந்தக்காரச் சொற்கள்! இந்த நாலு சொற்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் இருந்த ஏரிகளின் கதை உங்களுக்குத் தெரியும். தர்மாம்புதி பஸ் ஸ்டாண்டாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டு கிராமம் எழுந்தது. போனது போயிற்று. புறநகரில் ஏரிகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு நடுவில் இருந்த காலுவேதான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2021ல் வெளியான தணிக்கை அறிக்கையும் பெங்களூர் மழைநீர் நிர்வாகத்தைப் பற்றி இதைத்தான் சொன்னது: ஏரிகளுக்கு இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் கிளாஸ் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டர் நிலம், அதாவது 100 ஹெக்டேர். மணிக்கு 40 மி.மீ. வேகத்தில் மழை. அந்த நிலம் ராகி வயலாகவும் தோப்பாகவும் இருந்தபோது விழுந்ததில் பத்துக்கு மூன்று பங்கு ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு மூன்றேகால் கனமீட்டருக்குச் சற்று மேல். அதே நிலத்தில் கான்கிரீட்டும் தாரும் டைல்ஸும் வந்த பிறகு பத்துக்கு எட்டு பங்கு ஓடுகிறது. விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது கனமீட்டர். மழை ஒரு சொட்டுகூட அதிகமாகவில்லை. "இந்தக் காலத்து மழையே வேறு" என்று எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மழையும் மாறியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் தரை அதைவிட ஜாஸ்தி மாறியிருக்கிறது.

ஒன்பது கனமீட்டர் போக எவ்வளவு பெரிய கல்வெர்ட் வேண்டும்? தண்ணீர் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினால், மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். அதில் அரை மீட்டர் வண்டல் படிந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மீதியில் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய், நாலு கேபிள், அதில் சிக்கிய ஒரு மெத்தை. மெத்தையை மிகைக்காகச் சொல்லவில்லை, நாங்களே எடுத்திருக்கிறோம். ஆறு கிலோமீட்டர் கால்வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், நடுவில் மிகக் குறுகலான ஒரு கல்வெர்ட்தான் அதன் உண்மையான அளவு.

மத்திய அரசின் 1993ம் வருஷத்துக் கையேட்டின்படி, ஊரின் ஓரத்துக் குடியிருப்புகளில் வடிகால் வருஷத்துக்கு இரண்டு தடவை பொங்கினால் பாதகமில்லை என்று வைத்துக்கொண்டே அளவு போட்டார்கள். அன்றைக்கு ஓரத்தில் காலி நிலம் இருந்தது, பொங்கினால் வயலில் நின்றது. 2019ல் மழைநீர் வடிகாலுக்கென்றே தனிக் கையேடு வந்து அளவுகோல் கூட்டப்பட்டது. ஆனால் மண்ணுக்குள் இருப்பதென்னவோ பழைய குழாய்தானே.

இப்போது ஏரிக்கு வருவோம். 40 ஏக்கர் ஏரி ஒன்று. கோடி மட்டத்துக்குக் கீழே இரண்டு அடி காலியாக இருக்கிறது என்றால், அதில் சுமார் 10 கோடி லிட்டர் பிடிக்கும். இரண்டு சதுர கிலோமீட்டரில் 50 மி.மீ. மழை பெய்து ஒரு சொட்டு விடாமல் ஓடி வந்தாலும் அதுவும் 10 கோடி லிட்டர்தான். அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். கீழே இருப்பவர்களுக்கு மழை பெய்ததே தெரியாது. இரண்டு அடி, அவ்வளவுதான் வேண்டியது.

அந்த இரண்டு அடியை யார் எடுத்துக்கொண்டார்கள்? நாம்தான். இருபதாயிரம் பேர் வீட்டுக் கழிவுநீர், ஆளுக்கு 100 லிட்டர் வீதம், நாளைக்கு 20 லட்சம் லிட்டர். வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழித்தாலும் மூன்று மாதத்துக்குள் அந்த இடம் நிரம்பிவிடும். முன்பெல்லாம் மே மாதத்தில் ஏரிகள் வற்றிக் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது அக்னி நட்சத்திரத்திலும் தளதளவென்று நிற்கிறது. ஏரி நிறைந்திருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம். முதல் மழை விழுந்தவுடன் அது கோடியில் வழிகிறது. பெள்ளந்தூர் ஏரி 2015லும் 2017லும் 2018லும் தீப்பிடித்து எரிந்ததை உலகமே வேடிக்கை பார்த்தது. அந்த ஏரியின் நுரையையும் நெருப்பையும் பற்றிப் பேசியவர்கள், அதில் மழைக்கு இடம் இல்லாமல் போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

ஏரி அபிவிருத்தி என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சுற்றிலும் கரை, வேலி, நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு. நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தினமும் அதில்தான் நடக்கிறேன். ஆனால் பாசன நிலம் இல்லையே என்று தூம்பைப் பல இடங்களில் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். தூம்பு போய்விட்டால் மழைக்கு முன்னால் தண்ணீரைக் குறைக்க வழியே இல்லை. கோடி மட்டம் வரை நிரம்பும், அப்புறம் வழியும். எங்கள் குழு கேட்பதில் முதலாவது, அடைத்த தூம்பின் இடத்தில் ஒரு ஷட்டர்.

ஆனால் ஷட்டர் வைத்தால் போதுமா? நம் ஏரியை நாம் திறந்துவிட்டால் கீழ் ஏரிக்காரன் மூழ்குவான். ஆகவே திறப்பது கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். கடைசி ஏரியில் முதலில் இடம் செய்ய வேண்டும், பிறகு அதற்கு மேலே இருப்பது, பிறகு அதற்கும் மேலே. நீர்கண்டிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு செய்த காரியம் இது. இன்றைக்கு ஒரே வரிசையில் உள்ள ஏரிகள் வேறு வேறு ஆபீஸ்களின் கையில் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்தது. நிர்வாக எல்லையை ரோட்டைப் பார்த்துப் போடுகிறார்கள். தண்ணீர் மேட்டைப் பார்த்துப் பிரிகிறது.

எங்கள் லேஅவுட்டில் இப்போது நடக்கும் சண்டைக்கு இதுதான் காரணம். 600 மீட்டருக்கு ராஜகாலுவேயைக் கான்கிரீட் சுவராக உயர்த்தி, அடியிலும் கான்கிரீட் போட ஒரு திட்டம் வந்தது. எங்களுக்கு நல்லதுதான், தண்ணீர் சரேலென்று ஓடிவிடும். ஓடி எங்கே போகும்? கீழே பழைய கிராமம். தாழ்வான ஓட்டு வீடுகள், மாட்டுக் கொட்டில், ஒரு அங்கன்வாடி. அவர்கள் பக்கத்துக் கல்வெர்ட் எங்களுடையதில் பாதி. முழுப் படுகையையும் அளந்துவிட்டுப் பிறகு சுவர் எழுப்புங்கள் என்று குழு எழுதிக் கொடுத்தது. வேலை நிற்கிறது. "மாமா, உங்களால்தான் நின்றது, அடுத்த மழையில் உங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவோம்" என்று லிஃப்டில் சொல்கிறார்கள். வரட்டும், காபி கொடுக்கிறேன். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். நம் வெள்ளத்தைப் பிறத்தியார் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெயர் வடிகால் திட்டம் இல்லை.

அளப்பது என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். கோடியில் ஆரம்பித்து மேல்நோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு கல்வெர்ட்டிலும் அகலம், உயரம், வண்டலின் ஆழம். எங்கெங்கே கழிவுநீர்க் குழாய் வந்து விழுகிறது என்பது. மழை இல்லாத நாளில் ஓடும் தண்ணீர் முழுவதும் கழிவுதான், அதனால் மார்ச் மாதம் நடப்பது உத்தமம். சர்வே ஆஃப் இந்தியாவின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று மேப்பில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு இருக்கும். மேடு எது பள்ளம் எது என்று புரிந்துகொள்ள அது போதும். வடிகால் போட அரை மீட்டர் வித்தியாசம் தெரிய வேண்டும், அதற்கு முறையான லெவல் சர்வே தேவை. கொத்தனாரின் லெவல் டியூபை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது ஆரம்ப வேலை மட்டுமே. மழை அளவுக்குக் குறைவில்லை. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஊர் முழுக்கத் தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறது.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியிலிருந்து 75 மீட்டர் விட வேண்டும் என்றது. 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. மாஸ்டர் பிளானில் இருந்தபடி ஏரிக்கு 30 மீட்டர், காலுவேக்கு அதன் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் என்று பழைய அளவுக்கே போயிற்று. கோர்ட் எத்தனை மீட்டர் சொன்னாலும் தண்ணீர் தன் பழைய தடத்தில்தான் வருகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய வாழ்நாள் சேமிப்பு அந்தத் தடத்தின் மேல் நிற்கலாம். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும், பாங்க் கடன் கொடுத்தும், 2022 வெள்ளத்துக்குப் பின் புல்டோசர் வந்த வீடுகள் உண்டு. அனுமதி கொடுத்தவர்கள் யாரும் அந்தச் சமயத்தில் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் மனை வாங்குவதாக இருந்தால், மாநில அரசின் திஷாங்க் செயலியில் சர்வே நம்பரைப் போட்டுப் பாருங்கள். கிராம வரைபடத்தில் காலுவே போகிறதா என்று கேளுங்கள். ஜாதகம் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாமி எழுந்து, "இதெல்லாம் சர்க்கார் காரியம், எங்கள் ஆத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையும் இங்கே சேர்க்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

1200 சதுர அடி மொட்டை மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர். ஆயிரம் வீடு சேர்ந்தால் 55 லட்சம் லிட்டர். மழைநீர் சேமிப்பு இந்த ஊரில் 2009லிருந்து சட்டம். பல வீடுகளில் தொட்டி இருக்கிறது, ஆனால் மாடிக் குழாய் அதற்குள் போகாமல் பாதாளச் சாக்கடையில் சேர்ந்திருக்கிறது. கட்டும்போது பிளம்பருக்கு அது சௌகரியம். பாதாளச் சாக்கடைக் குழாய் குளியலறைத் தண்ணீருக்காகப் போட்டது, அடை மழைக்காக அல்ல. பெருமழையில் மேன்ஹோல் மூடி எழும்பித் தெருவெல்லாம் நாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் சேர்த்துச் சாக்கடை என்று ஒரே பெயரால் சொல்வதால் இரண்டையும் ஒன்றாக இணைக்கத் தயங்குவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எங்கே போய் விழுகிறது என்று கீழே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மேன்ஹோலில் சத்தம் கேட்டால் திங்கட்கிழமை பிளம்பரைக் கூப்பிடுங்கள்.